கோஷ்டி கானப் பதிவின் சுருதியையும் காலத்தையும் கண்டுபிடிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

தியாகராஜர் ஆராதனை நாளான புஷ்ய பகுள பஞ்சமிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பக்கத்துப் பாட்டு வகுப்புகளிலும் பஜனை மடங்களிலும் பஞ்சரத்தினப் பயிற்சி, அதாவது நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ராகங்களில் அவர் இயற்றிய ஐந்து கிருதிகளையும் சேர்ந்து பாடும் பயிற்சி, தொடங்கிவிடும். திருவையாற்றில் தியாகராஜர் சமாதி முன்னால் உட்கார்ந்து நாமும் பாட வேண்டும் என்ற ஆசை இந்தப் பக்கத்தில் பாட்டு கற்கிற எல்லோருக்கும் உண்டு. அதற்குப் பெரும்பாலோர் நம்பியிருப்பது ஒரு பழைய பதிவைத்தான். வானொலி ஒலிபரப்பை யாரோ கேசட்டில் பிடித்ததாக இருக்கும், அல்லது பந்தலில் உட்கார்ந்து போனில் எடுத்ததாக இருக்கும்.

அந்தப் பதிவைப் போட்டுவிட்டுச் சுருதிப்பெட்டியைத் திறந்தால் ஒட்டாது. 1½ கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரத்துக்கு நாம் சொல்லும் அளவு) வைத்தால் பதிவு மேலே நிற்கிறது, 2 கட்டைக்கு ஏற்றினால் கீழே நிற்கிறது. சீராகத் தட்டும் மெட்ரோனோம் வைத்தால் பல்லவிக்குச் சரியாக இருக்கும், மூன்றாவது சரணத்தில் விலகிவிடும். போனில் ஒரு செயலியை இறக்கிக் கேட்டால் ‘சி மேஜர், 128’ என்று ஏதோ ஒரு விடை சொல்லும். அந்த விடையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சுருதியைத் தனியாக அளக்க வேண்டும், காலத்தை, அதாவது பாட்டின் வேகத்தை, தனியாக அளக்க வேண்டும். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பாடியவர்கள் செய்தது எது, கருவி செய்தது எது என்பது அப்போதுதான் பிரியும்.

தேவையானவை: இயர்போன் (போனின் சின்ன ஸ்பீக்கரில் கீழ்ச் சுருதி கேட்காது), தம்புரா செயலி அல்லது சுருதிப்பெட்டி, ஸ்டாப்வாட்ச், கணினியில் இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருள். கணினி இல்லாதவர்களும் முக்கால்வாசி வேலையைக் காதாலேயே முடிக்கலாம்.

முதல் படி: எந்த இடத்தில் அளப்பது

கோஷ்டி முழுவீச்சில் பாடும் இடத்தில் சுருதியை அளக்காதீர்கள். நூற்றுக்கணக்கான குரல்கள் ஒரே சட்ஜத்தை (ஆதார சுரமான ‘ச’) பிடித்தாலும் ஒவ்வொன்றும் ஒரு நூலிழை மேலும் கீழுமாக இருக்கும். சுருதி காட்டும் டியூனர் முள் ஆடிக்கொண்டே இருப்பது அதனால்தான். அது பிழை இல்லை, கூட்டுக் குரலின் இயல்பு.

அளக்க நல்ல இடங்கள் வேறு. திருவையாற்று ஆராதனைப் பதிவாக இருந்தால் பஞ்சரத்தினத்துக்கு முன்னால் புல்லாங்குழலில் பைரவி ராகக் கிருதி ஒன்று வாசிப்பது மரபு. முழு ஒலிபரப்பும் உங்களிடம் இருந்தால் அந்தப் பகுதி பொக்கிஷம். குழலுக்குப் பின்னால் தம்புரா தெளிவாகக் கேட்கும். அது இல்லாவிட்டால் ஒரு கிருதி முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் கிடைக்கும் சில விநாடிகளைப் பாருங்கள். வயலின்காரர்கள் ச-ப-ச தொட்டுப் பார்ப்பார்கள், மிருதங்கத்தில் ஓரிரு தட்டு விழும்.

மிருதங்கத்தின் வலந்தலை (வலப்பக்க முகம்) சட்ஜத்துக்குச் சேர்க்கப்பட்டிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். சாதம் பூசிய அந்தத் தோல் சாதாரண முரசைப் போலக் கலவையான ஓசை தராமல், தந்தியைப் போல ஒழுங்கான மேலொலிகளை (அடிச்சுரத்தின் மடங்குகளில் எழும் ஒலிகளை) தருகிறது என்று ஆராய்ந்து காட்டியவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி.ராமன். பதிவில் தம்புரா அமுங்கிப் போயிருந்தாலும் மிருதங்கத்தின் மீட்டு உங்களுக்குச் சட்ஜத்தைச் சொல்லிவிடும்.

இரண்டாம் படி: காதால் சட்ஜத்தைப் பிடிப்பது

கருவிக்குப் போகும் முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள். தேர்ந்தெடுத்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, வாயை மூடி ஒரே சுரத்தை முனகுங்கள். பாட்டு எங்கே போனாலும் அந்தச் சுரம் உறுத்தாமல் அடியில் நிற்க வேண்டும். நின்றால் அது சட்ஜமாக இருக்கலாம், பஞ்சமமாகவும் இருக்கலாம். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள்.

சோதிக்க வழி எளிது. நீங்கள் பிடித்த சுரத்தைச் சட்ஜமாக வைத்து அதன் பஞ்சமத்தைப் பாடுங்கள். அதுவும் பதிவோடு ஒட்டினால் சரி. ஒட்டாமல் ரிஷபத்தில் போய் இடிப்பது போல இருந்தால், நீங்கள் பிடித்தது பஞ்சமம். நாலு சுரம் மேலே ஏறி மேல் சட்ஜத்தைப் பிடியுங்கள். இன்னொரு சோதனையும் உண்டு: ராகம் உங்களுக்குத் தெரியும் என்பதால் ஆரோகணத்தைப் பாடிப் பாருங்கள். ஆரபியைத் தவறான சட்ஜத்திலிருந்து பாடினால் நாலு சுரத்துக்குள் உறுத்திவிடும்.

பிறகு தம்புரா செயலியைத் திறந்து, கட்டை கட்டையாக மாற்றி, மிக நெருங்கிய சுருதியைக் கண்டுபிடியுங்கள். நுண் சரிசெய்யும் வசதி இருந்தால் அலையடிப்பு நிற்கும் வரை திருகுங்கள். இரண்டு சுருதிகள் ஒட்டாமல் நிற்கும்போது ‘வ்வொம் வ்வொம்’ என்று ஓர் அலை கேட்கும். நெருங்க நெருங்க அது மெதுவாகும், சேர்ந்ததும் நின்றுவிடும். தம்புரா சேர்ப்பவர்கள் காலம் காலமாகச் செய்வது இதைத்தான். எனக்கு எந்தக் கருவியைவிடவும் இந்த முறையில்தான் நம்பிக்கை அதிகம்.

மூன்றாம் படி: கட்டையை எண்ணாக்குவது

கட்டைக் கணக்கு ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளிலிருந்து வந்தது. சி என்பது 1, டி 2, இ 3, எஃப் 4, ஜி 5, ஏ 6, பி 7. கறுப்புக் கட்டைகள் அரைகள். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்புக் கட்டை இல்லாததால் மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது.

இன்று உலகெங்கும் ஏ சுரத்தை 440 அதிர்வு என்று வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் 1 கட்டைச் சட்ஜம் விநாடிக்கு 130.8 அதிர்வு, 1½ என்றால் 138.6, 2 என்றால் 146.8, 2½ என்றால் 155.6. மேலே போனால் 4 கட்டை 174.6, 5 கட்டை 196, 6 கட்டை 220. இரட்டித்தால் மேல் சட்ஜம், பாதியாக்கினால் மந்தர சட்ஜம். ஓர் அரைக் கட்டை ஏறினால் அதிர்வு ஏறக்குறைய 5.9 சதவீதம் கூடும். அந்த இடைவெளியை நூறு பங்காக்கினால் ஒரு பங்குக்கு ஒரு சென்ட்.

ஆடாசிட்டியில் அமைதியான இடத்தில் இரண்டு மூன்று விநாடியைத் தேர்ந்து ‘பிளாட் ஸ்பெக்ட்ரம்’ போடுங்கள். அளவு என்ற இடத்தில் 65536 வையுங்கள். சிறிய எண்ணை வைத்தால் கீழ்ச் சுருதியில் முப்பது நாற்பது சென்ட் பிழை வந்துவிடும், அது கிட்டத்தட்ட கால் கட்டை. இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் நேரே சட்ஜத்தைப் படிக்காமல் அதன் நான்கு மடங்கில் இருக்கும் முகட்டைப் படித்து நான்கால் வகுங்கள். பிழையும் நான்கில் ஒன்றாகிவிடும்.

ஓர் எச்சரிக்கை. திரையில் உயரமாகத் தெரியும் முகடு சட்ஜம்தான் என்று எண்ண வேண்டாம். தம்புராவின் மந்தரத் தந்தியில் ஐந்தாவது மேலொலி ஓங்கி ஒலிக்கும். அதுதான் நாம் ‘தம்புராவில் அந்தர காந்தாரம் கேட்கிறது’ என்று சொல்வது. அதைச் சட்ஜம் என்று குறித்துக்கொண்டால் கணக்கு முழுவதும் தலைகீழாகப் போகும். காதால் முதலில் பிடிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

செயலி சொல்லும் ‘கீ’ ஏன் ஒத்துவருவதில்லை

‘கீ’யை, அதாவது பாட்டின் ஆதார சுரத்தையும் அச்சையும், கண்டுபிடித்துத் தரும் செயலிகள் மேற்கத்திய மேஜர், மைனர் என்ற இரண்டே அச்சில் எல்லாப் பாட்டையும் அழுத்திப் பார்க்கின்றன. சட்ஜம் எது என்று அவை கேட்பதில்லை, எந்தெந்தச் சுரங்கள் வருகின்றன என்று எண்ணுகின்றன.

ஸ்ரீ ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது கரகரப்பிரியா என்ற தாய் ராகத்தின் ஜன்யம். 2 கட்டையில் பாடினால் அதன் சுரங்கள் எல்லாம் சி மேஜரின் வெள்ளைக் கட்டைகளில்தான் விழும். செயலி ‘சி மேஜர்’ என்று காட்டும், நீங்கள் 1 கட்டை என்று நினைப்பீர்கள். உண்மையான சட்ஜம் ஒரு முழுக் கட்டை மேலே இருக்கிறது. நாம் கிரகபேதம் (ஆதார சுரத்தை இடம்மாற்றி வேறு ராகம் காண்பது) என்று படிப்பதைத்தான் செயலி அறியாமல் செய்கிறது. ‘ஏ மைனர்’ என்று காட்டினாலும் கலங்க வேண்டாம், அதே சுரங்களுக்கு அது இன்னொரு பெயர்.

வராளியில் சிக்கல் வேறு. சுத்த காந்தாரம், பிரதி மத்தியமம், காகலி நிஷாதம் மூன்றும் சேர்ந்து பஞ்சமத்தையே ஆதாரம் போலத் தோற்றுவிக்கக்கூடும். நாட்டையின் ஷட்சுருதி ரிஷபத்துக்கும் கௌளையின் தாழ்ந்த ரிஷபத்துக்கும் செயலியிடம் இடமே இல்லை. ஐந்து ராகத்தில் ஆரபி ஒன்றுதான் ஓரளவு ஒழுங்காக வரும், அது சங்கராபரணத்தின் ஜன்யம் என்பதால். ஆகவே செயலியைக் கேட்பதானால் ஆரபிப் பகுதியைக் கேளுங்கள். ஒரே அமர்வில் ஐந்தும் ஒரே சுருதியில்தான் பாடப்படுகின்றன.

தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டபோது வாதாடியது, ஒரு ஸ்தாயிக்குள் சுருதிகளை எப்படிப் பங்கிடுவது என்பதைப் பற்றித்தான். பன்னிரண்டு கட்டைகளுக்குள் நம் சங்கீதம் முழுவதும் அடங்கிவிடும் என்று எண்ணும் கருவியிடம் அந்த நுட்பத்தை எதிர்பார்க்க முடியாது.

நான்காம் படி: காலத்தை அளப்பது

ஐந்து கிருதிகளும் ஆதி தாளம். ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, எட்டு அட்சரம். கையில் தாளம் போட்டுக்கொண்டே ஸ்டாப்வாட்சைப் பிடியுங்கள்.

சாகித்யம் எங்கே தொடங்குகிறது என்று பார்க்காதீர்கள். எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) சமத்திலேயே (சுற்றின் முதல் தட்டிலேயே) இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சமத்தில் கை விழும் இடத்தில் கடிகாரத்தை ஓடவிடுங்கள், அந்தத் தட்டைச் ‘சுழி’ என்று எண்ணுங்கள். அடுத்த சமம் ஒன்று, அதற்கடுத்தது இரண்டு. முதல் தட்டையே ‘ஒன்று’ என்று எண்ணிவிட்டால் ஓர் ஆவர்த்தனம் கூடிவிடும். பத்தாவது சமத்தில் நிறுத்துங்கள். பத்து ஆவர்த்தனம் என்றால் எண்பது அட்சரம். அதற்கு 75 விநாடி ஆனால், 80-ஐ 60-ஆல் பெருக்கி 75-ஆல் வகுத்தால் 64. நிமிஷத்துக்கு 64 அட்சரம், அதுதான் காலப்பிரமாணம்.

ஏன் பத்து? விரல் அழுத்துவதில் கால் விநாடிக்குச் சற்றுக் குறைவாகத் தவறு வருவது சகஜம். ஒரே ஆவர்த்தனத்தை அளந்தால் அந்தத் தவறு மூன்று சதவீதத்தைத் தொடும். பத்தை அளந்தால் கண்டுகொள்ள வேண்டாத அளவுக்குக் கரைந்துவிடும்.

வேகம் காட்டும் செயலிகள் 64-ஐ 128 என்றோ 32 என்றோ காட்டும். மிருதங்கத்தின் நடைச் சொற்கள் அட்சரத்துக்கு நான்காக விழுவதால் எதை அடி என்று எண்ணுவது என்று அதற்குத் தெரியாது. உங்கள் கைத்தாளத்தோடு ஒப்பிட்டு இரட்டியுங்கள், அல்லது பாதியாக்குங்கள். இரண்டு களையில், அதாவது ஒவ்வொரு கிரியையையும் (கைத்தட்டு, வீச்சு) இரண்டு முறை போட்டு, தாளம் போடும் பழக்கம் உள்ளவர்கள் எழுதும்போது ‘அட்சரத்துக்கு’ என்றும் ‘கிரியைக்கு’ என்றும் பிரித்துக் குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்தவர் குழம்புவார்.

இனி முக்கியமான விஷயம். ஒரு கோஷ்டிப் பதிவுக்கு ஒரே காலம் கிடையாது. பல்லவி, அனுபல்லவியில் கூட்டம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிதானமாக நகரும். சுரசாகித்ய சரணங்களில் எல்லோருக்கும் மனப்பாடமான இடங்கள் வந்ததும் ஓட்டம் பிடிக்கும். அதனால் பல்லவி, நடுச் சரணம், கடைசிச் சரணம் என மூன்று இடத்தில் அளந்து ‘64-இல் தொடங்கி 70-இல் முடிகிறது’ என்று எழுதுங்கள். சராசரி எடுத்து 67 என்று எழுதினால் அந்தக் காலத்தில் யாருமே பாடவில்லை என்றாகிவிடும்.

பந்தலின் ஒரு கோடியில் இருந்து எடுத்த பதிவில் இன்னொரு குழப்பமும் வரும். ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். மேடை ஐம்பது மீட்டர் தள்ளி இருந்தால் அங்கிருந்து நேரே வரும் குரல், பக்கத்து ஒலிபெருக்கியில் கேட்பதைவிட ஏழில் ஒரு விநாடி பிந்தி வரும். நிமிஷத்துக்கு 64 அட்சரக் காலத்தில் அட்சரத்தின் கால் பங்கே கால் விநாடிக்கும் குறைவு. அதனால்தான் சொற்கள் கலங்கிக் கேட்கின்றன. காலம் இதனால் மாறாது. ஏதேனும் ஒரு மிருதங்கத்தை மட்டும் காதில் பிடித்துக்கொண்டு அதையே கடைசிவரை பின்தொடருங்கள்.

ஐந்தாம் படி: இரண்டையும் பக்கத்தில் வைப்பது

உதாரணமாக, உங்கள் பதிவில் சட்ஜம் 142 அதிர்வு என்று வந்தது என்று வைத்துக்கொள்வோம். 1½ கட்டையைவிட 42 சென்ட் மேலே, 2 கட்டைக்கும் கீழே. பாடியவர்கள் இப்படி ஓர் இடையில் தம்புரா சேர்க்க முடியாதா? முடியும். நாகஸ்வரமோ பழைய ஆர்மோனியமோ இருந்தால் அதற்கு ஒத்துப்போயிருப்பார்கள், அவை 440 கணக்கில் இருக்கவேண்டியதில்லை. குழலின் சுருதியும் காற்றின் சூட்டோடு, ஒரு டிகிரிக்கு மூன்று சென்ட் அளவில் ஏறும். ஆனால் கேசட் வேகமாக ஓடியதாலும் இதே எண் வரலாம். எது என்று எப்படி அறிவது?

பதிவின் அடியில் ஓர் இரைச்சல் கேட்கிறதா பாருங்கள். ஒலிபெருக்கிக் கம்பிகளில் மின்சாரம் விட்ட முனகல் அது. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி, ஆகவே முனகல் 50-இலும் 100-இலும் நிற்க வேண்டும். ஸ்பெக்ட்ரத்தில் அது 51.2-இல் இருந்தால் நாடா 2.4 சதவீதம் வேகமாக ஓடியிருக்கிறது. 142-ஐ 1.024-ஆல் வகுத்தால் 138.7. பாடியவர்கள் 1½ கட்டையில்தான் பாடியிருக்கிறார்கள். காலத்தையும் அதே எண்ணால் வகுக்க வேண்டும்: 64 என்று அளந்தது 62.5 ஆகிறது, 70 என்று அளந்தது 68 ஆகிறது.

இரண்டு கவனங்கள். கேசட்டைக் கணினிக்கு மாற்றும்போது சேர்ந்த முனகலும் இருக்கும். அது 50-இலேயே நிற்கும், அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். 90-களில் தென்னக மின்தொகுப்பில் சுழற்சி 50-க்குக் கீழே இறங்குவது வழக்கம் என்பதால், அந்தக் காலப் பதிவுகளில் நாடா உண்மையில் இன்னும் சற்று அதிக வேகத்தில் ஓடியிருக்கலாம். முனகலைத் தீர்ப்பாக எடுக்காமல் சாட்சியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முனகலே இல்லையென்றால் தொடக்கத்துச் சட்ஜத்தையும் கடைசிச் சட்ஜத்தையும் ஒப்பிடுங்கள். சுருதியும் காலமும் ஒரே விகிதத்தில் ஏறியிருந்தால் பதிவு செய்த கருவியில் பேட்டரி தீர்ந்து, நாடா வேகம் குறைந்திருக்கிறது. அதைச் சாதாரணக் கருவியில் போடும்போது போகப் போக ஏறும். சுருதி அசையாமல் காலம் மட்டும் ஏறியிருந்தால் அது கூட்டத்தின் உற்சாகம். அதைத் திருத்த நமக்கு உரிமை இல்லை.

மூன்று விலகல்கள் அடிக்கடி எதிர்ப்படும். பழைய சினிமாப் படச்சுருளை டிவிக்கும் டிஸ்க்குக்கும் மாற்றியபோது 24 படத்தை 25 ஆக ஓட்டியதில் எழுபது சென்ட் ஏறியிருக்கும். டிஜிட்டல் கோப்பில் 44.1-ஐ 48 என்று தவறாக எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய முக்கால் கட்டை, அதாவது 147 சென்ட் ஏறும். இணையத்தில் உரிமைச் சிக்கலுக்குப் பயந்து வேண்டுமென்றே சுருதியை மாற்றி ஏற்றுபவர்களும் உண்டு.

தேவாரமும் தேவாலயப் பாட்டும்

ஓதுவார்கள் சேர்ந்து பாடிய பதிவாக இருந்தால் சுருதிக்கு மேலே சொன்னது அப்படியே பொருந்தும். காலத்தில் மட்டும் கவனம் வேண்டும். சுத்தாங்கமாகப் பாடியதில் தாளம் இல்லை, அதற்கு எண் தேடுவது வீண். பண்ணாங்கமாக, அதாவது தாளத்தோடு, பாடிய இடத்தை மட்டும் அளங்கள்.

தரங்கம்பாடி, தஞ்சாவூர்த் திருச்சபைகளில் கீர்த்தனை வேறு, ஞானப்பாட்டு வேறு. கீர்த்தனைக்குச் சட்ஜம் தேடும் முறை போதும். ஐரோப்பிய ராகத்தில் வரும் ஞானப்பாட்டுக்கு ‘கீ’ என்ற சொல்லே பொருத்தம், செயலியும் அங்கே நன்றாக உதவும். கடைசிச் சொல்லோடு வரும் ஆர்கன் கார்டின் அடிச்சுரத்தைப் பிடித்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். ஒவ்வொரு வரி முடிவிலும் பாடகர் குழு மூச்சுக்கு நிற்பதால், வரிக்குள்ளே மட்டும் அடி எண்ணுங்கள். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தி வாசித்திருந்தால் வாசித்தவரின் விரல் ஒரு கீ சொல்லும், ஒலி வேறு சொல்லும். ஒலி சொல்வதை எழுதுங்கள்.

ஆறாம் படி: பயிற்சிக்கு ஏற்றபடி மாற்றுவது

வரிசை முக்கியம். முதலில் வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் கட்டளையால் நாடாப் பிழையைத் திருத்துங்கள், நம் உதாரணத்தில் ஏறக்குறைய 2.3 சதவீதம் குறைக்க வேண்டும். அடுத்து, சுருதி மட்டும் மாறும் கட்டளையால் உங்கள் குழுவின் கட்டைக்குக் கொண்டுவாருங்கள். மூன்று அரைக் கட்டைகளுக்கு (300 சென்ட்) மேல் தள்ளினால் குரல்கள் மனிதக் குரலாகவே இருக்காது. அப்படித் தேவைப்பட்டால் பதிவை விட்டுவிட்டுத் தம்புராவோடு பாடிப் பழகுவது மேல். ஆண்கள் 1, பெண்கள் 5 கட்டை என்று பழகிய குழுவில் யாருக்கும் முழுதாகப் பொருந்தாத ஒரு நடுச் சுருதியைத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அதை முடிவு செய்யும்போது பல்லவியைப் பார்க்காதீர்கள், கிருதியின் உச்சத்தில் வரும் தாரஸ்தாயிச் சுரத்தை எல்லோரையும் பாடவைத்துப் பாருங்கள்.

கடைசியாகக் காலம். கற்கும்போது முக்கால் காலம் வரை குறைக்கலாம். அதற்கும் கீழே போனால் கமகங்கள் பிசுபிசுத்துப்போய், வராளிக் காந்தாரம் எது என்றே தெரியாது. வாரம் ஒரு முறை இரண்டு மூன்று அட்சரம் ஏற்றி, ஆராதனைக்கு இரண்டு வாரம் முன்னால் அசல் காலத்துக்கு வந்துவிடுங்கள். அப்போது பதிவை நிறுத்திவிட்டு வெறும் தம்புராவும் கைத்தாளமுமாகப் பாடிப் பார்த்து, கடைசிச் சரணத்தை மறுபடி அளந்து, உங்கள் குழு எவ்வளவு ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ராகம், அளந்த சட்ஜம், திருத்திய கட்டை, தொடக்க காலம், முடிவு காலம் ஐந்தையும் அதிலேயே எழுதுங்கள்: ‘நாட்டை, 142, 1½, 62, 68’ என்பது போல. திருத்தாத அசலை வேறு பெயரில் தனியாக வைத்திருங்கள்.